வீடு காலி இல்லை

"யாருப்பா அது? இன்னாத்துக்கு படம் புடிக்கிறீங்க? வீடு ஒண்ணும் காலி இல்ல!"

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம் பகுதியில் ஒரு லைன் வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அப்போது உள்ளேயிருந்து வந்த குரல் இது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. கூரையில் ஒரு பக்கம் பழைய ஷீட்டு, மறுபக்கம் நீலத் தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க நாலு கல். கதவு சாத்தியிருந்தது. மாலை வெயில் சுவரில் சாய்ந்து விழுந்ததில், பார்க்க ஓர் ஓவியம் போலத்தான் இருந்தது. எங்களோடு வந்த கல்லூரி மாணவர் செல்போனில் நாலைந்து படம் எடுத்துவிட்டு, குறிப்பேட்டில் "பாழடைந்த தொழிலாளர் வீடு" என்று எழுதியும் முடித்திருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் வந்து நின்றார். மாணவர் குறிப்பேட்டை மூடிவிட்டார். நாங்களும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். ஒருவர் குடியிருக்கும் வீட்டை, அவர் உள்ளே இருக்கும்போதே பாழடைந்தது என்று எழுதியிருக்கிறோம். அதுவும் நாம் எழுதியிருக்கிறோம். சேரியைப் பற்றி மற்றவர்கள் தப்பும் தவறுமாக எழுதுகிறார்கள் என்று மேடைதோறும் பேசுகிற நாம்.

அந்த ஒரு மாலையில் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம்.

ஏன் போனோம்?

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துச் சேரிகளில் கோலாருக்கு ஆள் போகாத குடும்பங்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். "எங்க தாத்தா மைன்ஸ்ல வேலை செஞ்சாரு", "எங்க பெரியம்மாவ சாம்பியன்லதான் கட்டிக் கொடுத்தாங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். கர்நாடகத்தில் இருந்தாலும், உறவு முறையில் தங்கவயல் நம் பக்கத்து ஊர்தான்.

அண்மை ஆண்டுகளில் அந்த ஊருக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படங்கள், 2024இல் வந்த 'தங்கலான்' ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பழைய கட்டடங்களைப் படம் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் உண்டு. துருப்பிடித்த இரும்புக் கோபுரம், கண்ணாடி உடைந்த பங்களா ஜன்னல், சுவரைப் பிளந்து முளைத்த ஆலங்கன்று ஆகியவைதான் அவர்களுக்குப் பிடித்தவை. கீழே "கைவிடப்பட்ட தங்க நகரம்" என்று ஒரு வரி இருக்கும்.

எங்கள் படிப்பு வட்டத்து மாணவர்கள் அந்தப் படங்களைக் காட்டி, "நாமும் போய் எடுப்போம்" என்று கேட்டார்கள். மொத்தம் ஒன்பது பேர் கிளம்பினோம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, குப்பம் தாண்டி, பங்காருபேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் கிளைப் பாதையில் மாறினோம். 1894இல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை அது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம் என்று வரிசையாக வரும் நிலையங்களில் பாதிப் பெயர்கள் சுரங்கங்களின் பெயர்கள்தான்.

கைவிட்டது யார்?

தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்று ஒன்று படிக்கிறோம். "கண்ணன் வீட்டைக் கட்டினான்" என்றால் கட்டியவன் தெரிகிறான். "வீடு கட்டப்பட்டது" என்றால் கட்டியவன் மறைந்துவிடுகிறான். "கைவிடப்பட்ட நகரம்" என்ற தொடரும் அப்படித்தான். கைவிட்டது யார் என்ற கேள்வி அந்தத் தொடருக்குள் புதைந்துபோகிறது.

கைவிட்டது சுரங்க நிர்வாகம். அதைப் பொறுப்பில் வைத்திருந்த அரசு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி, நட்டம் என்று காரணம் சொல்லி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை ஒன்றிய அரசு மூடியது. ஆனால் மக்கள் ஊரைக் கைவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊரை எப்படி ஆளில்லாத ஊர் என்பது?

விடிவதற்கு முன்னால் மாரிகுப்பம் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் மப்ளர் சுற்றிய கூட்டம் நடைமேடை முழுக்க நிற்கும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறார்கள். பகலில் படம் எடுக்க வருகிறவர்களின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. அதனால்தான் தெரு வெறிச்சென்று இருக்கிறது. வெறிச்சென்ற தெருவைப் படம் எடுத்து, ஊரே காலி என்று எழுதிவிடுகிறார்கள்.

பஞ்சத்திலிருந்து பாதாளத்துக்கு

மாணவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மைசூர் சமஸ்தானத்தின் கோலார் பகுதியில் தங்கம் தேடும் உரிமையை 1870களில் பெற்றவர் லாவெல் என்ற முன்னாள் படைவீரர். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் வளமான தங்க ரேகை அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று வரிசையாகச் சுரங்கங்கள் இறங்கின.

இறங்குவதற்கு ஆள் வேண்டுமே! 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் நம் வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் சூறையாடிவிட்டுப் போயிருந்த காலம் அது. நிலம் இல்லாதவர்கள், பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள், ஆண்டையின் முன்னால் செருப்புப் போட முடியாதவர்கள் மூட்டை கட்டினார்கள். கங்காணிகள் வந்து ஆள் சேர்த்தார்கள். பாறைக்கு அடியில் போகிற வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர்களே. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஏன் போனார்கள் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் பதில் இது: "ஊர்ல வேலை செஞ்சா கூழு. அங்க வேலை செஞ்சா காசு. கூழு ஊத்துறவன் கைய நாம பாக்கணும். காசு நம்ம கையில இருக்கும்."

காசு கையில் வந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை பெரிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அப்படி வெடித்ததில் புதைந்தவர்கள் பலர். வெடிக்காத நாளிலும் கல் தூசி நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தது. 1940க்கும் 1946க்கும் இடையே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவ ஆய்வில், 43.7 சதவீதம் பேருக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர்!

1880இல் தொடங்கி 2001 வரை அந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். எடுத்தவர்களின் வீட்டில் தங்கிய தங்கம் எவ்வளவு என்று கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லைன்

முதல் நாள் காலையில் எல்லோரையும் போலத்தான் நாங்களும் படம் எடுத்தோம். சுரங்க வாய்களுக்கு மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களை வேலிக்கு வெளியே நின்று எடுத்தோம். இந்தக் கோபுரத்துச் சக்கரத்தில் ஓடிய கம்பி வடத்தில்தான் கேஜ் என்ற இரும்புக் கூண்டு தொங்கும். ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் ஆட்களை அடைத்துக்கொண்டு அது கீழே பாயும். அடுத்து அதிகாரிகளின் பங்களாக்கள். சாய்ந்த ஓட்டுக்கூரை, சுற்றிலும் தாழ்வாரம், குளிர்காயக் கணப்பு, முன்னால் தோட்டம். வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் கிளப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது.

சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் எடுத்து வந்தது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூரு நகரத்துத் தெருவிளக்கு எரிந்ததே 1905இல்தான். அவ்வளவு வேகமாக மின்சாரம் கொண்டுவரத் தெரிந்தவர்கள், கூலிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்தது என்ன?

மூங்கில் தட்டியில் சுவர், தகரத்தில் கூரை, ஒரே ஓர் அறை. ஒட்டி ஒட்டி வரிசையாக நின்றதால் அதற்கு 'லைன்' என்று பெயர். பின்னாளில் தட்டி போய்ச் செங்கல் வந்தது, தகரம் போய் ஷீட்டு வந்தது. அறை பெரிதாகவில்லை. ஒரு ஷிப்டு முடித்து வந்த அண்ணன் படுக்க, அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டிய தம்பி எழுந்து இடம்விட்ட கதையைப் பல வீடுகளில் கேட்டோம்.

பங்களா மேட்டிலும் லைன் பள்ளத்திலும் இருப்பதைக் கேமரா இல்லாமலேயே பார்க்கலாம். ஆனால் அதை ஒரே படத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்று மாணவி ஒருவர் யோசித்தார். பங்களாத் தாழ்வாரத்தில் நின்று, அதன் தூண் ஒரு பக்கம் தெரிய, கீழே லைன் கூரைகள் தெரிய எடுத்தார். அன்று எடுத்த படங்களிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்தத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தொழிலாளி எப்படித் தெரிந்திருப்பான் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும்.

கட்டைவிரல்

தங்கவயல் தொழிலாளியைப் பதிவு செய்யவே இல்லை என்று சொல்ல முடியாது. பதிவு செய்தார்கள். கைரேகையைப் பதிவு செய்தார்கள். வேலையில் இருக்க வேண்டுமானால் விரல் ரேகை வைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, குற்றவாளிகளைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்று 1930 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் நீடித்தது அந்தப் போராட்டம். 1946 நவம்பர் 4ஆம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இவை நடந்த இடங்களைத் தேடிப் படம் எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? உடைந்த ஜன்னலுக்கு ஐம்பது படம் இருக்கும். வேலைநிறுத்தக் கூட்டம் நடந்த மைதானத்துக்கு ஒரு படம் இருக்காது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே, வெறும் மைதானம்தானே என்பார்கள். பெரியவர் ஒருவரை அழைத்துப்போய் அந்த மைதானத்தில் நிறுத்தி, "எங்கே மேடை இருந்தது, காட்டுங்கள்" என்று கேட்டால், அவர் கை நீட்டும் இடம் படத்தில் வரும்.

சுவரில் இருந்த எழுத்து

எங்களை அதிகம் அலையவைத்தது பௌத்தத்தின் தடம்தான்.

1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. அதே காலத்தில் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை உருவானது. எம்.ஒய். முருகேசர் அதில் முன்னின்றார். சாம்பியன் ரீஃப் பகுதியிலும் சங்கம் வேர்விட்டது. 1914இல் பண்டிதர் மறைந்தார். 'தமிழன்' நின்றுபோனது. அதை 1926இல் மீண்டும் கொண்டுவந்தது எந்த ஊர் தெரியுமா? இதே தங்கவயல். ஆசிரியர், கோ. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து பதிப்பித்தது. இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரைப் படிக்கிறோம் என்றால், அந்தத் தாள்களைக் கரையான் அரிக்காமல் காத்தவர்களில் தங்கவயல்காரர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. பூமிக்குள் வேலை செய்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்த கூட்டம் அது.

1954இல் அண்ணல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊரும் இதுதான். தங்கத்தோடு சேர்த்து அரசியலையும் தோண்டி எடுத்தவர்கள் நம் மக்கள்.

ஒரு லைனின் கோடியில் பழைய படிப்பகம் ஒன்று இருந்ததாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். நாலு சுவரில் இரண்டுதான் நின்றது. உள்ளே ஆடு கட்டியிருந்தது. முன்சுவரில் பல அடுக்குச் சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ எழுத்து இருப்பதுபோலத் தெரிந்தது. நண்பகலில் எடுத்த படத்தில் ஒன்றும் விழவில்லை. மறுநாள் காலை 7 மணிக்குப் போனோம். வெயில் சுவரில் பக்கவாட்டில் விழும்போது, மேடும் பள்ளமும் நிழல்கட்டி எழுத்து எழுந்து நின்றது. மூன்று எழுத்து மட்டும் படிக்க முடிந்தது: 'சங்க'. முன்னால் என்ன சங்கம், பின்னால் என்ன ஆண்டு, இரண்டும் போய்விட்டன.

இருபது ஆண்டு முன்னால் யாராவது ஒருவர் ஒரு படம் எடுத்திருந்தால் முழுப் பெயரும் கிடைத்திருக்கும். அந்த இருபது ஆண்டில் பங்களாக்களை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்! நாமும் எடுக்கவில்லை என்பதுதான் நெஞ்சில் தைக்கிறது. படிப்பகம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்தானே.

சாம்பல் நிற மலைகள்

ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல் நிறத்தில் தட்டையான மலைகள் தெரியும். அவை மலைகள் இல்லை. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மணல். 3 கோடி டன்னுக்கும் மேல் இருக்கும். சயனைடு மேடு என்பார்கள். மழைநீர் அரித்து அரித்து அதில் கோயில் தூண் வரிசை போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று பலர் ஏறுகிறார்கள். சினிமாக்காரர்களும் வருகிறார்கள்.

காற்றுக் காலத்தில் அந்த மணல் எழுந்து எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். சோற்றுப் பானையில் விழுகிறது. தொட்டில் துணியில் விழுகிறது. கண் எரிச்சல், அரிப்பு, இளைப்பு என்று மேட்டடி லைன்களில் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். மேட்டின் படத்தை எடுத்தவர்கள், காற்றடிக்கும் நாளில் ஜன்னலுக்குப் பழைய புடவையை நனைத்துக் கட்டியிருக்கும் வீட்டையும் எடுத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த மணலிலும் மிச்சத் தங்கம் இருக்கிறது என்கிறார்கள். 13 மேடுகளில் அதை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. மண்ணுக்கு மறுபடி விலை வருகிறது. அந்த மண்ணை ஒட்டி நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு என்ன வரும்? லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும், 2001இல் விட்டுப்போன பாக்கிகள் தீர வேண்டும் என்று கேட்டுக்கேட்டு ஒரு தலைமுறை நரைத்துவிட்டது.

சுரங்கம் போன பிறகும் சாதி போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011இல் இதே தங்கவயலில் மலக்குழிக்குள் இறங்கிய மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். தாத்தன் தங்கத்துக்காகக் குழிக்குள் இறங்கினான். பேரன் எதற்காக இறங்கினான்?

இந்த இடத்தில்தான் "காலி" என்ற சொல் நம்மை உறுத்துகிறது. ஊர் காலி, வீடு பாழ் என்று ஆயிரம் படங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால், நாளைக்கு ஒரு கோப்பில் அதே சொல் ஏறாது என்று யார் உறுதி சொல்வது? இடிப்பதற்கு வருகிறவர்களுக்குக் காலி என்ற சொல் வசதியானது. அழகுக்காக எடுத்த படமாகவே இருக்கட்டும். அது யாருக்கு உதவும் என்று எடுத்தவரால் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் கீழே எழுதும் நாலு வரி முக்கியமாகிறது.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும். மூடிய தோல் ஷெட்டு, நின்றுபோன சர்க்கரை ஆலை, பழைய காலனி வீடு. கையில் செல்போனும் இருக்கும். எங்கள் தவறுகளிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறோம்.

முதலில் கதவைத் தட்டுங்கள். வீடு எவ்வளவு சிதைந்திருந்தாலும், ஆள் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அடுப்புப் புகை, கொடியில் துணி, வாசலில் ஈரம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் படம் தூரத்தில் நின்று எடுங்கள். கட்டடம் முழுவதும், இடமும் வலமும் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பிறகு நெருங்கி வாசல், கூரை, சுவர், வீட்டு எண், கல்வெட்டு என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய ஓர் ஆளையோ முழக்கோலையோ பக்கத்தில் நிறுத்துங்கள். மங்கிய எழுத்துக்குக் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் போங்கள். எழுத்தைத் தெளிவாக்குகிறோம் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, ஊர், லைன், வீட்டு எண், சொன்னவர் யார் என்று அன்று இரவே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தால் எந்தச் சுவர் எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியாது. வீட்டுக்காரர் அனுமதித்தால், பெட்டிக்குள் இருக்கும் வேலை அடையாள வில்லை, சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு, திருமணப் படம் ஆகியவற்றையும் எடுங்கள். சொந்த விவரம் இருக்கும் தாளை அவர்கள் கேட்காமல் வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மூடிய சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். புதர் மூடிய குழி எது, கெட்டித் தரை எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மாடித் தளம் உளுத்துப்போன பங்களாவில் ஏறாதீர்கள். சயனைடு மேட்டில் ஏறிப் படம் எடுப்பது வீரம் இல்லை.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். செல்போனில் காட்டினால் போதாது, தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். படத்தின் பின்பக்கம் தேதியும் இடமும் எழுதுங்கள். அந்த வீட்டில் இன்ன நாளில் இன்னார் குடியிருந்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி. இன்று தேவைப்படாமல் போகலாம். என்றாவது தேவைப்படும்.

கதவு

இரண்டு மாதம் கழித்து மீண்டும் மாரிகுப்பம் போனோம். 140 படங்களை அச்சிட்டு, லைன்வாரியாகக் கட்டி எடுத்துப்போனோம். ஆயா வீட்டுக்கும் போனோம். அன்று போலவே கதவு சாத்தியிருந்தது. மாணவர் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஆயா உள்ளே உட்காரச் சொன்னார். ஓர் அறை. மூலையில் பாத்திர அடுக்கு, சுவரில் அண்ணல் படமும் கணவர் படமும். கணவரின் தாத்தா குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து நடந்தே வந்தவராம். கணவர் கடைசி வரை சாம்பியன் ரீஃபில் கீழே இறங்கியவர். சுரங்கம் மூடிய நாலாவது வருடம் மூச்சு வாங்கி வாங்கிப் போய்விட்டார். மகன் பெங்களூருவில் ஒரு கட்டடத்தில் காவலாளி. காலை ரயிலுக்குப் போனால் இரவு 9 மணிக்குத்தான் வருவார்.

படத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார். உதிர்ந்த சுவர், தார்ப்பாய், சாத்திய கதவு.

"நல்லாத்தான் கீது. ஆனா கதவு மூடிக்கீதே கண்ணு. பாக்குறவங்க யாரும் இல்லன்னுதானே நெனைப்பாங்க?"

"ஆமாம் ஆயா. தப்பு எங்க மேலதான்" என்றார் மாணவர்.

"சரி இரு, வரேன்."

உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தார். சுவரிலிருந்த கணவர் படத்தைக் கழற்றித் துடைத்தார். கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, ஒரு பக்கம் ஆடாமல் இருக்க அம்மிக் குழவியை அணை கொடுத்தார். படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"இப்ப புடிப்பா" என்றார்.

மாணவர் எடுத்தார். குறிப்பேட்டைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டு, ஆயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்: வீட்டு எண், லைன், கணவர் பெயர், வேலை செய்த சுரங்கம், எத்தனை வருடம். கடைசியில் அன்றைய தேதி.